சுடுநீர் ஊரில் ஒரு விளக்கு

நான் ஒருபோதும் போகாத ஊர் ஒன்று இருக்கிறது. அதன் தெருக்கள் எனக்கு நான் தினமும் நடந்த பலெர்மோவின் அல்பெர்கேரியாச் சந்துகளைவிட நன்றாகத் தெரியும். தெருக்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அங்கே இருந்தது ஒரேயொரு தெரு. அதன் ஒரு பக்கம் தண்டவாளம். மறுபக்கம் தகரக் கூரை போட்ட பத்துப் பன்னிரண்டு வீடுகள், ஒற்றை அறைப் பள்ளிக்கூடம், தண்ணீர்த் தாங்கி, தவறணை என்று நாங்கள் சொல்லும் மதுக்கடை ஒன்று. வீடுகளின் பின்கதவைத் திறந்தால் அதற்கப்பால் ஒன்றுமே இல்லை. சிவப்பு மண்ணும் வானமும் மட்டும், கண் களைக்கும்வரை. அவுஸ்திரேலியாவின் நடு வயிற்றில் கிடந்த ஊர் அது.

தொண்ணூறுகளில் இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில், நான் பிற்பகல்களில் வேலை செய்த வீட்டுச் சிஞ்ஞோரா, எங்கள் பேச்சில் வீட்டுக்கார அம்மா, அந்த ஊரில் முப்பது வருடம் வாழ்ந்தவர். எழுபதை நெருங்கியவர், மூட்டு வாதத்தால் மூன்றாம் மாடியை விட்டு இறங்கமாட்டார். காலையில் நான் ஒரு வக்கீல் வீட்டில் தரை துடைப்பேன். மத்தியானம் பல்லரோச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு படியேறி வந்து, சிஞ்ஞோராவுக்குச் சமைத்து, துணி தோய்த்து, அவரைக் குளிக்க வார்த்து, பொழுதுபடும்வரை கூட இருப்பேன். அந்த வேலையில் பாதி கதை கேட்பதுதான். அவர் சிசிலிப் பேச்சில் கதைப்பார். நடுநடுவே ஆங்கிலம் வரும். எனக்கு இரண்டும் அரைகுறை. ஆனால் இன்று நினைக்கும்போது அவர் சொன்னதெல்லாம் யாழ்ப்பாணத் தமிழில்தான் காதில் விழுகிறது. ஆகையால் அப்படியே எழுதுகிறேன்.

ஊர்க்கதை என்றாலே எனக்கு எரிச்சல். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் நாலு பேர் கூடினால் போதும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் போல வருமா, எங்கள் மாம்பழம் போல வருமா என்று தொடங்கிவிடுவார்கள். அந்தக் கிணற்றில் தண்ணீர் அள்ளிக் கை காய்த்தவள் நான். "அவ்வளவு நல்ல ஊரெண்டால் ஏன் இஞ்சை வந்து கோப்பை கழுவுறியள்?" என்று கேட்டு, என் கணவரின் நண்பர்களை ஒருமுறை வாயடைக்கச் செய்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் சிஞ்ஞோராவின் ஊர்க்கதைக்கு மட்டும் ஏன் காது கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. அவர் அந்த ஊரை ஒருநாளும் புகழ்ந்ததில்லை. அதனாலும் இருக்கலாம்.

ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று வீசும் நாட்களில் பலெர்மோ முழுக்கச் செம்மண் படியும். காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் செம்பாட்டுத் தோட்டத்தில் புரண்டதுபோல ஆகிவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படியொரு நாள் வாளியும் துணியுமாகப் பல்கனியைத் துடைக்கப் போனேன்.

"விடு பிள்ளை, துடைக்காதை," என்றார் சிஞ்ஞோரா. "கொஞ்ச நேரம் கிடக்கட்டும்."

கதிரையைப் பல்கனி வாசலுக்கு இழுத்துப் போடச் சொன்னார். அந்த மஞ்சளும் சிவப்புமான மங்கலில் முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார். கீழே பல்லரோவில் மீன்காரர்கள் கூவிக்கொண்டிருந்தார்கள். எதிரே தேவாலயக் கோபுரமும் கூரைகளும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோக, நகரமே இல்லை என்பதுபோல ஆயிற்று. நானும் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றேன். அன்றைக்குத்தான் அவர் ஊரின் கதையைத் தொடங்கினார். தோய்த்த துணியையெல்லாம் மறுபடி தோய்க்க வேண்டி வந்ததுதான் எனக்கு மிச்சம்.

அவர் கதை சொல்வதில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. உருளைக்கிழங்கு உரிக்கும்போது ஒரு துண்டு, தலை இழுக்கும்போது ஒரு துண்டு என்று வரும். நான்தான் கோத்து வைத்திருக்கிறேன். எந்தப் பள்ளத்தில் எப்போது தண்ணீர் தேங்கும் என்று அறிந்த ஆதிக்குடிகள் அந்த மண்ணில் எப்போதும் இருந்தார்கள். பிறகு ஒட்டகக்காரர்கள் வந்தார்கள். ஆப்கானிஸ்தான், பலுசிஸ்தான் பக்கத்து மனிதர்கள். வெள்ளைக்காரன் அவர்களை ஒட்டகங்களோடு கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தான். ரயில் பாதை போடுவதற்கான இரும்பையும் கட்டைகளையும் அந்த ஒட்டகங்கள்தான் சுமந்தன. "தங்கடை பிழைப்பிலை மண் போடுற தண்டவாளத்தைத் தாங்களே சுமந்து குடுத்தவங்கள்," என்று சிஞ்ஞோரா சொல்வார். ரயில் ஓடத் தொடங்கியதும் ஒட்டகங்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அவற்றை அவிழ்த்துவிட்டார்கள். அந்த மனிதர்கள் நட்ட பேரீச்சை மரங்கள் மட்டும் தெருவின் கோடியில் நின்றன. ஊர்ச் சேமக்காலையின் ஒரு மூலையில் அவர்களுடைய கல்லறைகள் வேறு திசை பார்த்துக் கிடந்தன.

ரயில் என்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று பூமியைத் துளைத்தபோது, கொதிக்கக் கொதிக்க வந்தது தண்ணீர். அந்தத் தண்ணீரால்தான் ஊரே உண்டானது. வீடுகளில் எந்தக் குழாயைத் திறந்தாலும் சுடுநீர். குடிக்க வேண்டுமென்றால் பின்னேரம் பிடித்துத் துணிப் பையில் நிறைத்து வாசலில் கட்டித் தொங்கவிட வேண்டும். விடியும்போது குளிர்ந்திருக்கும். "பூமிக்குக் கீழை ஆரோ உலை வைச்சிட்டு மறந்துபோன மாதிரி," என்பார். இதைக் கேட்டதும் எனக்கு வந்தது பொறாமை. சிஞ்ஞோரா வீட்டுச் சுடுநீர்ப் பெட்டி அடிக்கடி பழுதாகும், ஆள் பிடிக்க நான்தான் அலைய வேண்டும்.

சிஞ்ஞோராவின் கணவர் பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர். போர் முடிந்த பிறகு பிழைப்பில்லாமல் கப்பலேறி, அந்த ஊரில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் சேர்ந்தார். பின்னால் சிஞ்ஞோரா போனார். ரயிலால் இறங்கியபோது அவர் போட்டிருந்த குதிச் செருப்பு மண்ணில் அப்படியே புதைந்துவிட்டதாம். தலையை நிமிர்த்திப் பார்த்தால் கணவர் நிற்கிறார், அவருக்குப் பின்னால் தூரத்தில் நீலமாய்க் கடல் மினுங்குகிறது.

"கடல் கிட்டத்தான் எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டன் பிள்ளை. அது கடல் இல்லை. கானல். ஒவ்வொரு நாளும் மத்தியானம் வரும், பொழுதுபடப் போயிடும்."

மீன்காரன் மகனான அந்த மனிதர் வேலை முடிந்து வந்து, பின்கதவுப் படியில் உட்கார்ந்து, அந்த இல்லாத கடல் வடியும்வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு வார்த்தை கதைக்கமாட்டாராம். எனக்கு அவரை நினைத்தால் பாவமாக இருக்கும். என் கணவர், நான் இந்தக் கதை கேட்ட நாட்களில், அதே ஸ்ஃபெர்ராகவால்லோவில், நிஜக் கடலுக்கு முன்னால் ஒரு மீன் உணவகத்தில் வேலை செய்தார். குசினிக்கு யன்னல் இல்லை. கடலை அவர் பார்த்தது பஸ்சுக்கு நிற்கும்போது மட்டும்தான்.

கிழமைக்கொரு தரம் கடை ரயில் வரும். ஒரு பெட்டியில் இறைச்சி, ஒரு பெட்டியில் மரக்கறி, ஒரு பெட்டியில் துணியும் நூலும். அன்றைக்கு ஊர்ப் பெண்களெல்லாம் உதட்டுச் சாயம் பூசி, தொப்பி வைத்து, வெங்காயம் வாங்கப் போவார்கள். அங்கேதான் தவறணைக்காரியோடு சிஞ்ஞோராவுக்குச் சிநேகம் உண்டானது. ஐரிஷ் வம்சத்துப் பெண், வாயும் பெரிது, கையும் பெரிது. ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாத காலத்திலேயே இருவரும் ஒன்றாக இருந்து காய் வெட்டுவார்களாம். நான் இதைக் கேட்டுக்கொண்டு முட்டைக்கோவா நறுக்குவேன். சில வேளைகளில் நறுக்குவது இங்கேயா அங்கேயா என்று எனக்கே குழம்பிவிடும். யன்னலுக்கு வெளியே இன்னும் கொஞ்ச நேரத்தில் ரயில் ஊதும் என்பதுபோல இருக்கும்.

அங்கே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். ஒரே மகன். வெறுங்காலோடு தண்டவாளத்தில் ஓடுவான், ஊதும் சத்தத்தை வைத்தே எந்த ரயில் என்று சொல்லிவிடுவான். அவன் பிறந்த பிறகு அந்த ஊரில் மழையே பெய்யவில்லை. அவனுக்கு நாலு வயதாகும்போது ஒரு நாள் பெய்தது. மழை என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை, கூரையில் விழுந்த சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டான். அடுத்த நாள் வெளியே வந்து துள்ளினான். மழை நிற்கவில்லை. பாலைவனத்தில் நிஜமாகவே கடல் வந்தது. தண்டவாளம் அடித்துக்கொண்டு போயிற்று. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. வைத்தியரை ஏற்றி வந்த சின்ன விமானம் சேற்றில் இறங்க வழியில்லாமல் ஊருக்கு மேலே சுற்றிச் சுற்றித் திரும்பிப் போனது. அந்தச் சத்தத்தைச் சிஞ்ஞோரா பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். விடியும்போது பிள்ளை இல்லை.

தகப்பன் தண்டவாள இரும்பை வெட்டிச் சிலுவை செய்து, பெயரை மட்டும் பொறித்து நட்டார். தண்ணீர் வடிந்த பிறகு, அதுவரை யாரும் காணாத அளவுக்குப் பூ பூத்ததாம். மண் தெரியாமல் பூ. பட்டணத்திலிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்களாம்.

"அந்தப் பூவை நான் மன்னிக்கவேயில்லை," என்றார் சிஞ்ஞோரா. நான் அவர் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குனிந்தபடியே தேய்த்தேன்.

வேறு பிள்ளை பிறக்கவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ரயில் பாதையையே வேறு பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார்கள். ரயில் வராத ஊரில் யார் இருப்பார்? ஒவ்வொரு குடும்பமாக வீட்டுத் தகரத்தையும் கழற்றிக்கொண்டு போனது. சிஞ்ஞோராவும் கணவரும் பலெர்மோவுக்குத் திரும்பினார்கள். இங்கே கணவர் காலமானார். அந்த ஊரில் மிஞ்சியது தவறணைக்காரி ஒருத்திதான். வருடா வருடம் நவம்பரில் மரித்தோர் நாளன்று அவள் சேமக்காலைக்குப் போய்ப் பிள்ளையின் சிலுவையடியில் விளக்குக் கொளுத்திவிட்டு, பலெர்மோவுக்குத் தொலைபேசி எடுப்பாள். "கொளுத்தியாச்சு" என்பதுதான் செய்தி. அந்த ஒரு வார்த்தைக்காகச் சிஞ்ஞோரா காலையிலேயே முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருப்பார்.

பலெர்மோவில் மரித்தோர் நாள் என்பது பிள்ளைகளின் கொண்டாட்டம். செத்துப்போன பாட்டன் பூட்டனெல்லாம் இரவோடு வந்து பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமானும் சீனிப் பொம்மையும் வைத்துவிட்டுப் போவார்கள் என்று நம்பிக்கை. எங்களிடம் தலைகீழ். உயிரோடு இருப்பவர்கள்தான் செத்தவர்களுக்குப் படைப்போம், அவரவர் வாய்க்குப் பிடித்ததாகப் பார்த்து. நான் முதல் வருடம் சந்தையில் அந்த வண்ண வண்ணச் சீனிப் பொம்மைகளைக் கண்டு ஆசையாக ஒன்று வாங்கி வந்தேன். சிஞ்ஞோரா அதை வீட்டுக்குள் வைக்க விடவில்லை.

"செத்தவை பிள்ளையளுக்குக் குடுக்கினம், சரி. செத்த பிள்ளைக்கு ஆர் குடுக்கிறது?" என்று கேட்டார்.

பொம்மையைத் திரும்பப் பையில் போட்டேன்.

நான் சொல்ல வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து நடந்தது. ஒக்டோபர் மாதம் சிஞ்ஞோரா தவறணைக்காரிக்குத் தொலைபேசி எடுத்தார். அந்த எண்ணே பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொன்னது. திரும்பத் திரும்ப எடுத்தார். என்னை எடுக்கச் சொன்னார், நான் எடுத்தால் வேறு பதில் வரும் என்பதுபோல. நாட்கள் போகப் போக மனுசி ஒழுங்காகச் சாப்பிடவில்லை. நான் ஆசையாகச் சமைத்த பாஸ்தா ஆறிப் பசையாகிக் கிடந்தது. எனக்குக் கோபம் வந்தது.

"இப்பிடிப் பட்டினி கிடந்தால் விளக்கு எரியுமே சிஞ்ஞோரா?"

"இந்த முறை என்ரை பிள்ளை இருட்டுக்கை கிடக்கப் போகுது," என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்தார். "உங்கடை ஆக்கள் எல்லா நாட்டிலையும் இருக்கினம் எண்டு சொன்னனியெல்லோ? அவுஸ்திரேலியாவிலை ஆரும் இல்லையோ?"

"ஏன் இல்லை? என்ரை சின்னம்மான்ரை மகன் அடிலெய்டிலை இருக்கிறான். சொன்னால் போவான்."

ஆழம் தெரியாமல் காலை விட்டேன். எங்கள் ஆட்களின் கணக்கு அப்படித்தான். ஒரு நாட்டில் சொந்தக்காரன் ஒருவன் இருந்தால், அந்த நாடு முழுவதும் எங்கள் வீட்டு வளவு. லண்டனில் இருக்கிற மாமாவிடம் ஸ்கொட்லாந்தில் இருக்கிறவளை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்கிறவர்கள் நாங்கள்.

பல்லரோவுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குக் கதைக்கும் கடை ஒன்று இருந்தது. தொலைபேசி அட்டை வாங்கிக்கொண்டு, பின்னால் ஆட்கள் வரிசையில் நின்று பெருமூச்சு விட, தம்பிக்கு எடுத்தேன். சின்ன வயதில் என் இடுப்பிலேயே வளர்ந்தவன். ஊர்ப் பெயரைச் சொன்னதும் அவன் சிரித்தான்.

"அக்கா, உது இஞ்சையிருந்து ஒரு பகல் முழுக்க ஓட்டம். யாழ்ப்பாணத்திலையிருந்து கொழும்புக்குப் போட்டுத் திரும்பி வாற தூரம். அங்கை ஆர் இருக்கினம்?"

"எங்கடை சிஞ்ஞோரான்ரை மகன்ரை கல்லறை இருக்கு. அவவுக்கு எழுபது வயசாகப் போகுது, சாப்பிடுறா இல்லையடா. ஒரு விளக்குக் கொளுத்தினால் காணும்."

"சரி, போறன். கூட்டாளியையும் கூட்டிக்கொண்டு போறன். அடையாளம் சொல்லுங்கோ."

மகனின் பெயர், போக வேண்டிய நாள், சிஞ்ஞோரா வீட்டுத் தொலைபேசி எண் எல்லாம் சொன்னேன். தண்டவாள இரும்பில் செய்த சிலுவை, வேலியோரம், பேரீச்சை மரம் தெரியும் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அட்டை முடிந்து தொலைபேசி அறுந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மரித்தோர் நாளன்று சந்து முழுக்கப் பிள்ளைகள் புது விளையாட்டுச் சாமான்களோடு சத்தம் போட்டார்கள். சிஞ்ஞோரா தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். அன்று எந்த அழைப்பும் வரவில்லை. அடுத்த நாள் நான் வந்து மரக்கறிப் பையைக் கீழே வைக்கும்போது மணி அடித்தது. சிஞ்ஞோராதான் எடுத்தார். தம்பியும் அவரும் ஆங்கிலத்தில் கதைத்தார்கள். அவர் முகம் மலர்ந்தது. 'யெஸ், யெஸ்' என்றார். பிறகு சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தார். தம்பி உற்சாகத்தில் கத்திக் கதைத்ததில் 'பியர்', 'சிகரெட்' என்ற இரண்டு சொற்கள் தள்ளி நின்ற எனக்கே கேட்டன. சிஞ்ஞோரா ரிசீவரைக் காதிலிருந்து மெல்ல எடுத்தார். முகத்தில் எதுவுமே இல்லை. எனக்குப் பதறிவிட்டது. பறித்தெடுத்தேன்.

"அடேய், அவவுக்கு என்னடா சொன்னனீ?"

"நடந்ததைத்தான் அக்கா சொன்னனான். ஊரிலை ஒரு சனமும் இல்லை. தவறணைக்குப் பலகை அடிச்சுக் கிடக்கு. அந்த மனுசியை மகள் கூட்டிக்கொண்டு போட்டாவாம், வழியிலை பெற்றோல் அடிக்கேக்கை சொன்னவங்கள். ஒரு மாதிரிச் சிலுவையைக் கண்டுபிடிச்சம். மண் மேவிப்போய்ச் சிலுவை மட்டும்தான் தெரியுது. விளக்குக் கொளுத்தினம். அவ்வளவு தூரம் போட்டு வெறும் விளக்கோடை என்னெண்டு வாறது? எங்கடை முறைக்குப் படைச்சம். ஆட்டிறைச்சிக் கறி, பொரிச்ச மீன், பியர், ஒரு பெட்டி சிகரெட். வாழையிலை இல்லை, கடதாசிக் கோப்பையிலைதான். 'அண்ணை, அம்மா அனுப்பி வந்தனாங்கள், எடுங்கோ' எண்டு சொல்லித்தான் வைச்சனான்."

"படுபாவி! அது நாலு வயசுப் பிள்ளையடா!"

தம்பி அழுகிற குரலில் சொன்னான்: "அவவுக்கு எழுபது எண்டியள். மகன் எண்டியள். நான் ஒரு நாப்பது அம்பது வயசு மனுசன் எண்டெல்லோ நினைச்சன். ஐயோ அக்கா."

அவனைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று தெரியவில்லை. பால்குடி மறந்து சில வருடமே ஆன பிள்ளைக்குப் பியரும் சிகரெட்டும். அந்தத் தாய் இதைக் கேட்பதற்காகவா இவ்வளவு நாள் சாப்பிடாமல் இருந்தார்? எனக்கு உடம்பு முழுக்க வெட்கமாக இருந்தது. சிஞ்ஞோரா கையை நீட்டினார். கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன். அவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். பதிலைக் கேட்டார். இன்னொன்று கேட்டார். நன்றி சொல்லி ரிசீவரை வைத்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சிஞ்ஞோரா, அவனுக்குத் தெரியாது," என்று தொடங்கினேன். அவர் கேட்கவில்லை.

"பியர் குளிராய் இருந்ததோ எண்டு கேட்டனான்," என்றார். "ஐஸ் பெட்டிக்குள்ளை வைச்சுத்தான் கொண்டு போனவங்களாம். நல்ல பெடியங்கள். அந்த வெயிலுக்கை வேலை முடிஞ்சு வாற ஆம்பிளைக்குச் சூட்டுப் பியர் குடுக்கக் கூடாது."

"மற்றது என்ன கேட்டனீங்கள்?" என்றேன்.

"தனிய விட்டிட்டோ வந்தனீங்கள் எண்டு கேட்டன். இல்லை, பொழுதுபடுமட்டும் பக்கத்திலை இருந்து கதைச்சுக்கொண்டு குடிச்சவங்களாம். என்னவோ சொல்லிக் கூப்பிட்டவனாம், அது எனக்கு விளங்கேல்லை."

"அண்ணை எண்டு. தமையனைக் கூப்பிடுற மாதிரி."

அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருடைய வாயில் அது சரியாக வரவில்லை. பிறகு வளைந்துபோன விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, உதடு அசைய எதையோ எண்ணத் தொடங்கினார். எண்ணி முடிக்கும்போது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நாப்பத்தஞ்சு," என்றார். "பிள்ளை, அவனுக்கு இப்ப நாப்பத்தஞ்சு வயசு. நான் இவ்வளவு காலமும் அவனை இடுப்பிலையே தூக்கிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்."